முழங்கால் உயரம்

முப்பத்தொரு வருடம்
சக்கர வாளி எந்திரத்தின் கூண்டில் உட்கார்ந்து
பூமியைத் தோண்டிப் பெல்ட்டில் போட்டவன்.
ஒரு சுற்றுக்கு ஒரு வீட்டுமனை.
இப்போது மூன்று மில்லிமீட்டர் மொட்டைக் கிள்ள
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

மோஸ்ட் நகரத்தின் பழைய தெருக்கள்
நிலக்கரிக்காக அப்படித்தான் போயின.
தேவாலயத்தை மட்டும் தண்டவாளத்தில் ஏற்றி
வேறிடம் நகர்த்தினார்கள்.
எட்டு வயதில் வேடிக்கை பார்க்கப் போனேன்.
நகர்வதே தெரியவில்லை.
பசித்தது, வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

சுரங்கத்தில் சில நாள்
கரியாக மறந்த கட்டை அகப்படும்.
வளையம் எண்ணலாம், ஈரமாக இருக்கும்,
காற்றுப் பட்டதும் பாளம் பாளமாக வெடிக்கும்.
சதுப்பில் நின்ற மரங்களாம்.
ஓய்வுபெற்ற மாதம் நாற்றுப்பண்ணையில்
மெட்டாசெக்வோயா என்று ஒரு சீட்டைப் படித்தேன்:
அந்தச் சதுப்பு மரங்களுக்கு உறவு,
பூண்டற்றுப் போனதாக முடிவுகட்டியபின்
சீனத்து மலைமடிப்பில் உயிரோடு நின்றது.
இரண்டு மீட்டர்க் கன்று.
லிஃப்டில் சாய்த்துத்தான் ஏற்ற முடிந்தது.

பிப்ரவரியில், முழங்கால் உயரத்தில், ரம்பம்.
கை நடுங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
ஒன்றரை மீட்டர் மரம் பால்கனித் தரையில் கிடந்தது.
மிச்சம் ஒரு குச்சி.

ஏப்ரலில் குச்சியெங்கும் பச்சை,
ஈரத்துணியில் கடுகு தெளித்த மாதிரி.
ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கிள்ளினேன்.
அந்த ஒன்றைக் கம்பி சுற்றி நிமிர்த்தினேன்,
இனி அதுதான் உச்சி என்று மரத்தை நம்பவைக்க.
அவிழ்ப்பதில் மூன்று வாரம் தாமதம்.
பட்டையில் திருகுத் தழும்பு இன்னும் இருக்கிறது.
அவ்வப்போது தடவிப் பார்ப்பேன், என் கணக்குப் பிழையை.

நான்காம் வருட ஜூலையில் இடுப்பெலும்பு.
சாவியைக் கீழ்க்கடைத் தொவாவிடம் கொடுத்தேன்.
காலை ஒரு தரம், மாலை ஒரு தரம், மறக்காதீங்க.
கிருமி பிடித்து மறுபடி அறுத்தார்கள்,
பிறகு தெப்லிட்சே வெந்நீர்க் குளியல், நடைப்பயிற்சி.
திரும்பியபோது நவம்பர்.

லிஃப்ட் வாசலில் அவள், கையில் காகிதப் பை.
உள்ளே செம்பு நிறத்தில் ஊசியிலைகள்,
ஒன்று விடாமல் கூட்டி அள்ளியவை.
"மன்னிச்சிருங்க கூபெல்கா, நான் கொன்னுட்டேன்."

பதில் சொல்லாமல் பால்கனிக்குப் போனேன்.
குழந்தை குளிப்பாட்டும் நீலத் தொட்டியில்
சட்டியோடு நின்றது மரம், கணுக்கால் தண்ணீரில்.
ஓட்டை வழியே வேர்கள் இறங்கி
வெள்ளைத் தாடி விட்டிருந்தன.
அடித்தண்டு புடைத்து, வரிவரியாகப் பிரிந்து
மண்ணைக் கவ்வும் கால்விரல்களாக.
கிளை புறப்படும் இடத்துக்குக் கீழே
இந்த மரத்துக்கே உரிய அக்குள் குழி.
நான்கு வருடம் நான் அளந்து ஊற்றி வராதது
பதினாறு வாரத் தொட்டித்தண்ணீரில் வந்திருந்தது.

"எங்க பாஷையில இதோட பேர்லயே தண்ணி இருக்கு,
போன்ல பார்த்தேன், அதான் உள்ள வெச்சேன்,"
என்றாள் பின்னாலிருந்து.
"ஊசியிலை மரம் உதிராதுன்னு நினைச்சேன்."
அப்போதுதான் உறைத்தது, இன்னும் பதில் சொல்லவில்லை.
"வருஷா வருஷம் உதிரும்," என்றேன்.
காகிதப் பையாலேயே தோளில் ஒன்று போட்டாள்.
கம்பளமெங்கும் செம்பு.

புது உச்சியும் தடித்துவிட்டது,
இந்த பிப்ரவரி மறுபடி வெட்டு.
சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருந்தேன்.
'ஐந்து நிமிடம்' அட்டையைக் கடையில் மாட்டிவிட்டு வந்தவள்
எச்சில் தொட்டு என் கோட்டை அழித்து
இரண்டு விரல் கீழே போட்டாள்.
வாதாடினேன்.
சீக்கிரம், ஆள் காத்திருக்கும் என்றாள்.
மரத்தூள் அவள் செருப்பில் விழுந்தது.

நீலத் தொட்டியை இன்னும் திருப்பித் தரவில்லை.
அவளும் கேட்கவில்லை.