அரைப்புள்ளி

ஐந்து மதிப்பெண் வினா.
எகிப்திய அரசி அங்கேசெனாமுன்: குறிப்பு வரைக.

பதிவு எண் நாற்பத்தேழு எழுதியிருக்கிறாள்:
ஆறு பெண்களில் மூன்றாமவள்.
அப்பா சூரியனை மட்டும் கும்பிட்டவர்.
தம்பி முறையானவனையே கட்டிவைத்தார்கள்.
இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் தங்கவில்லை,
அவன் கல்லறையிலேயே சின்னப் பெட்டிகளில் வைத்தார்கள்.

எனக்கு ஒன்று.
பெட்டி கிடையாது. ஆஸ்பத்திரித் துண்டு.

கீழே வளவில் பங்காளிகள் கூடியாயிற்று.
தேவகோட்டை வெயில் சதுரமாக இறங்கி
அவர்களைத் தூண் ஓரமாக ஒதுக்குகிறது.
தேனப்பன் போய் எட்டாம் மாதம்.
கோயில் கணக்கில் நாங்கள் ஒரு புள்ளி.
இப்போது நான் அரை.
அந்த அரையும் என்னோடு அழியாதிருக்க
பள்ளத்தூரில் ஒரு பையன், மூன்றாவது பிள்ளை,
ஒன்பது வயது, கணக்கில் கெட்டி.

நாற்பத்தேழு மேலும் எழுதுகிறாள்:
"அரசி பகை நாட்டு ராஜாவுக்குக் கடிதம் எழுதி
பிள்ளை கூட்டிக்கொள்ள ஒரு மகனைக் கேட்டாள்."

தப்பு.
அவள் கேட்டது புருஷனை.
கேட்டது அவள்தானா என்பதே உறுதியில்லை.
ஆனாலும் சிவப்பு மை அந்த வரியில் இறங்க மறுக்கிறது.
இந்த ஊர்ப் பெண் வேறெப்படிப் புரிந்துகொள்வாள்?

ராஜா நம்பாமல் ஆள்விட்டு விசாரித்தானாம்.
அவள் கொதித்துப்போய்ப் பதில் எழுதினாள்:
மகன் இருந்தால் என் வீட்டு வெட்கத்தை
அடுத்த நாட்டுக்கா சொல்லியனுப்புவேன்?
இதை நாற்பத்தேழு விட்டுவிட்டாள்.
நானும் வகுப்பில் வேகமாகக் கடந்த இடம்தான்.
சின்ன மாமனார் என் ஸ்கேன் ரிப்போர்ட்டைக்
கண்ணாடி போட்டுப் படித்த வாரம் அது.

அனுப்பிய இளவரசன் வந்து சேரவில்லை.
வழியிலேயே செத்தான்; கொன்றார்கள் என்கிறார்கள்.
பிறகு ஒரு கிழவன் பேரோடு
அவள் பேரும் சேர்ந்த மோதிரம்.
அப்புறம் ஒன்றுமில்லை, கல்லறைகூட.
அந்தப் பேரும் பிறந்தபோது வைத்ததில்லை.
அப்பாவின் சாமி தோற்றதும்
வாலை மட்டும் வெட்டி வேறு சாமியை ஒட்டினார்கள்.

"ரஸ்தா தாண்டிட்டாங்களாம் ஆச்சி!"

அவன் காரில் வாந்தி எடுத்திருக்கிறான்.
சட்டையில் எலுமிச்சை வாடை.
யாரோ ஆரத்தி எடுக்கிறார்கள், நான் எடுக்கக் கூடாது.
மாமனார் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று
எனக்குப் பின்னால் முடிவாகிக்கொண்டிருக்கிறது.

குனிந்து கேட்கிறேன்:
"தம்பி, உன் பேரென்ன?"

கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு
என்னிடம் மட்டும், மெதுவாக:
"பழசா, புதுசா?"