எட்டாவது எபிசோட்

தவணையில் வாங்கிய மூன்று ஐஸ் பெட்டிகள் எங்களுக்கு.
இரண்டு வாடகைக்குப் போயிருந்தால்
மூன்றாவதின் மூடிமேல் போனைச் சாய்த்துவைத்து
நானும் பியூலாவும் ராத்திரி சாப்பாட்டோடு பார்ப்போம்,
'பொணத்துக்குப் பொறுப்பு யாரு'.
மொத்தம் எட்டு எபிசோட்.

வட்டிக்கு விடும் ஒருத்தன் பந்தியில் உட்கார்ந்தபடி செத்துப்போகிறான்.
அவன் மச்சான்கள் மூன்று பேர்.
கொன்றது மற்றவன்தான் என்று ஆளாளுக்கு நம்பி,
காப்பாற்றுவதாக நினைத்து,
ஒருத்தன் ஒளித்த பிணத்தை இன்னொருத்தன் திருடுகிறான்.
மீன்பாடி வண்டியில் வஞ்சிரத்துக்கு அடியில் ஒரு கை.
கையில் கடிகாரம்.
கடிகாரத்தில் காலை ஆறு மணி அலாரம்.
இன்ஸ்பெக்டருக்கு மீன் வாடை ஆகாது,
தும்மித் தும்மியே தடயங்களைத் தாண்டிப் போவார்.

பியூலாவுக்குப் புரையேறித் தலையில் தட்டினேன்.
எனக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு:
பிணத்தைப் பெட்டியில் வைக்கிறார்கள்,
பிளக்கைச் சொருகவே இல்லை.
ஸ்டெபிலைசர் எங்கே? கண்ணாடியில் ஆவி எங்கே?
"கதைய பாக்க வுடுய்யா,
பில்லு போட வந்தவன் மாதிரி" என்றாள்.

பகலில் கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
இரண்டு கூட்ஸ் போவதற்குள் பாதி எபிசோட் முடியும்.
"ஆள் உள்ள கீறாரா?" என்று
பக்கத்து ஆட்டோக்காரர் வண்டியின் பின்பக்கம் எட்டிப்பார்ப்பார்.
"இல்லண்ணே, போன்லதான்" என்பேன்.

ஏழாவதின் முடிவில்
செத்தவனின் பொண்டாட்டி ஒரு சொம்பைக் கழுவுகிறாள்.
ரொம்ப நேரம் கழுவுகிறாள்.
எட்டாவதைத் தொடப்போகும்போது போன் வந்தது.
செரியன் நகர், இரண்டாவது மாடி, ஆள் கனம்.
"நீ மட்டும் தனியா பாத்தே,
அடுத்த பெட்டி உனக்குத்தான்" என்றாள் பியூலா.

சம்பங்கி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
நாற்காலியிலேயே போயிருந்தார்.
மடியில் வேர்க்கடலைப் பொட்டலம் பாதி.
டிவியில் அதே பொண்டாட்டி, அதே சொம்பு.
தொடர்ந்து பார்க்கிறீர்களா என்று
டிவி கேட்டுக்கொண்டிருந்தது.
யாரும் பதில் சொல்லவில்லை.

படி திருப்பத்தில் பெட்டி சிக்க,
நானும் கில்பர்ட்டும்
பிணம் திருடிய மச்சான்கள் மாதிரி விழித்து நின்றோம்.
சிரிப்பு முட்டித் துண்டை வாயில் அமுக்கினேன்.
யாரோ முதுகைத் தடவி, "அழாதப்பா" என்றார்கள்.

கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரி அது.
ஜெனரேட்டருக்காகத் தங்கிவிட்டேன்.
நாலு மணிக்கு, சொந்தங்கள் படிக்கட்டெல்லாம் தூங்க,
தேசம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இத்த நீங்க பாத்தீங்களா?"
"ஏழு வரைக்கும்."
"இவுருக்கு அந்தப் பொண்டாட்டி மேலதான் டவுட்டு.
நாலு நாளா நான் காபி குடுத்தா
மொதல்ல என்ன ஒரு வாய் குடிக்கச் சொன்னாரு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"போட்டு வுடேன்."

பழக்கதோஷம், போனை மூடிமேலேயே சாய்த்துவைத்தேன்.
அவருக்கொன்று எனக்கொன்றாக இயர்போன்.
கீழே சம்பங்கி, கண்ணாடியில் ஆவி சரியாகப் படிந்திருந்தது.

யாரும் கொல்லவில்லை.
சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், நெஞ்சு நின்றுபோயிருக்கிறது.
மூன்று மச்சான்களும் போலீஸ் ஜீப்பில்
ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொள்கிறார்கள்.
இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒருமுறை தும்முகிறார்.

தேசம்மாள் சிரித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் குலுங்கினார்.
பிறகு உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார்,
உறங்கும் ஆளை எழுப்புகிறவர்போல.
"கேட்டியா? அவ ஒண்ணும் பண்லயாம்.
கேட்டியாய்யா?"

சாயங்காலம் காலிப் பெட்டியோடு வீடு வந்தேன்.
"பாத்தியா?" "இல்ல."
பியூலா எட்டாவதைப் போட்டாள்.
ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கைத் தூக்கினார்,
அவர் தும்முவதற்கு முன்னாலேயே நான் சிரித்துவிட்டேன்.

அவள் எதுவும் சொல்லவில்லை.
நிதானமாக எழுந்துபோய்
எனக்கென்று சூடாக ஒரு காபி கொண்டுவந்தாள்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி" என்றேன்.