சவால் ஓட்டு

அங்கன்வாடி டீச்சர் வளர்மதி
பட்டியலோடு வாசலில் நிற்கிறார்.
"மாதம்மாள், கணவர் பெயர் சென்றாயன்,
வரிசை எண் அறுநூற்று நாலு.
இருக்காங்களா?"

இருக்காங்களா என்றால் என்ன சொல்வது.
பீரோ மேல் பதினோரு நோட்டு இருக்கிறது.
காவேரிப்பட்டணத்தில் எந்தத் தெரு
எந்த வருஷம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று
பால்கணக்கு மாதிரி எழுதி வைத்திருக்கிறாள்.
என் பிறந்த நேரம் மட்டும் எதிலும் இல்லை.
"இடைத்தேர்தல் எண்ணிக்கை அன்னிக்கு,
மூணாவது ரவுண்டு முடிஞ்சு
நாலாவது ஆரம்பிக்கிறதுக்குள்ள" என்பாள்.
ஜோசியர் கட்டம் போடாமலே அனுப்பிவிட்டார்.

மாங்காயும் ஓட்டும் எங்களுக்கு
ஒரே வெயிலில்தான் வரும்.
பகலெல்லாம் கூழ் பாக்டரியில் பெங்களூரா அறுத்துவிட்டு
பொழுது சாய்ந்ததும் நோட்டீஸ் கட்டோடு கிளம்புவாள்.
பால் பட்டுப் பொசுங்கிய விரலில்
மை எது மாம்பால் எது என்று தெரியாது.
"ஏற்கெனவே போட்டுட்டீங்களே" என்றார் ஒரு பூத் அதிகாரி.
கையை மூக்குக்கு நேரே நீட்டினாள்,
"மோந்து பாரு சார்."

அப்பா எதிர்ப்பக்கம்.
ஓட்டுப்பதிவு முடியும்வரை
அவர் களிக்குக் குழம்பு கிடையாது,
ஊறுகாய்தான்.

எனக்கு இதெல்லாம் பிடித்ததே இல்லை.
பத்தாவது ரிசல்ட் அன்று
பாரூர் ஏரித் தண்ணீருக்காக மறியலில் கைதாகி
ஒரு கல்யாண மண்டபத்தில் அடைபட்டிருந்தாள்.
ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று மார்க் சொன்னேன்.
"கணக்குல?"
"தொண்ணூத்தி ஒண்ணு."
"அப்ப அடுத்த எண்ணிக்கைக்கு நீ வா."
நான் போகவில்லை,
ஒருதரம்கூட.

அவள் கட்சி இங்கே ஜெயித்ததே இல்லை.
டெபாசிட் போன மறுநாள்
ஏழு மணி ஷிப்டுக்கு
டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்,
இன்னும் எண்ணி முடிக்காதவள்போல.

ஒருதரம் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தபோது
திம்மராயன் என்று ஒரு ஆள் வந்து நின்றான்.
"இது செத்தவன் ஓட்டு,
எழவுக்குப் போய்ட்டு வந்தவ நான்."
சுருக்குப்பையிலிருந்து ரெண்டு ரூபாய் கட்டி
சவால் செய்தாள்.
விசாரித்தால் அவன் வேறு திம்மராயன்,
அதே பெயரில் பங்காளி.
அவன் ஓட்டுப் போட்டான், ரெண்டு ரூபாய் போயிற்று.
ஒன்பது வருஷம் கழித்து
அந்த ஆளும் நிஜமாகவே போய்ச் சேர்ந்த சேதி வந்தபோது
"இப்ப என் காசு திரும்ப வரணும்" என்றாள்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி. கடைசி வாரம்.
நினைவு தெளிவா என்று பார்க்க
"முதலமைச்சர் யாரும்மா?" என்றார் டாக்டர்.
"நான் ஓட்டுப் போட்டவங்க இல்ல."
தெளிவு என்று எழுதிக்கொண்டார் அவர்.

வளர்மதி குரலைத் தாழ்த்துகிறார்.
"வேணும்னா இந்தத் தடவை விட்டுடறேன்.
நிறைய பேர் அப்படித்தான் கேக்கறாங்க."

விடலாம்தான்.
தூக்கத்தில் எழுப்பி எடுத்ததுபோல் ஒரு போட்டோவில்
அவள் பாட்டுக்கு இருப்பாள்,
எனக்கு முந்தின வரிசையில்.
பிறகு ஒரு ஏப்ரல் காலையில்
முக்காடு போட்டு யாரோ ஒருத்தி
மாதம்மாள் என்று வந்து நிற்பாள்.
அந்த பெஞ்சில் அன்றைக்கு
ரெண்டு ரூபாயோடு யாரும் இருக்க மாட்டார்கள்.

"எடுத்துடுங்க."

படிவம் ஏழு.
காரணம்: இறப்பு.
ஆட்சேபம் தெரிவிப்பவர் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்.
இத்தனை வருஷம் வாயால் தெரிவித்தது,
எழுத்தில் இதுதான் முதல்முறை.

கட்டணம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.
இல்லையே, ஏன்? என்றார் வளர்மதி.