பதினோரு நிமிடம்

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: நிலை.
அதில் என்ன எழுதுவது என்று
இப்போது யாரும் யோசிப்பதில்லை.
போன மாதத் தாளிலிருந்து
இந்த மாதத் தாளுக்கு அப்படியே இறங்கும்:
காட்டில் அற்றுப்போனது.

கிறிஸ்துமஸ் தீவில் மழை விட்ட ஒரு வியாழன்.
பெர்த்திலிருந்து வந்த விமானம்
ஓடுபாதை தெரியாமல் முந்தின நாளே திரும்பிப் போயிருந்தது.
கடையில் கீரை இல்லை.
எங்களிடம் வெட்டுக்கிளி இல்லை.
நூர்ஹயாத்தி ஒரு மட்கிய மரத்தைத் தட்டித் தட்டி
ஐஸ்கிரீம் டப்பாவில்
கறையான் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் கூண்டிலிருந்து ஏழாம் கூண்டுக்கு
ஒரு பெண் அரணையைக் கொண்டுபோனேன்.
எண் நானூற்றுப் பன்னிரண்டு.
கறுத்த முதுகில் வெளிர்மஞ்சள் கோடுகள்,
வால் மட்டும்
சிம்மில் வைத்த கேஸ் அடுப்பின் நீலம்.

மூடி சரியாக அழுந்தவில்லை.
அவ்வளவுதான் நடந்தது.

மணி ஒன்பது நாற்பத்திரண்டு.
சுண்ணாம்புக்கல் சுவரின் மேல்
வெயில் விழுந்த இடமாகப் பார்த்து
வயிற்றைப் பரப்பிப் படுத்தது.

அரணை கடித்தால் மரணம் என்பார்கள் எங்கள் ஊரில்.
கடிக்க வரும், வந்த காரியம் மறந்து
திரும்பிவிடும் என்றும் அவர்களே சொல்வார்கள்.
இரண்டையும் நம்பித்தான் வளர்ந்தேன்.
இந்தத் தீவின் அரணைக்கு
மறக்கக்கூட எதுவும் இருக்கவில்லை.
தன்னைத் தின்னும் பாம்பு ஒன்று
உலகில் உண்டென்று அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?
சரக்கின் இடுக்கில் சுருண்டு வந்து இறங்கியது அது,
சுங்கத்தில் எதையும் அறிவிக்காமல்.

'அப்பா தினமும் செருப்பை உதறிவிட்டுத்தான் போடுவார்,
உள்ளே இதுகள் படுத்திருக்கும்' என்று
முன்பொரு நாள் நூர்ஹயாத்தி சொல்லியிருக்கிறாள்.
அவள் வயதுக்குள் முடிந்துபோன கதை.
அவளுக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

இப்போது அவள் அசையவில்லை.
டப்பாவைக் கீழே வைக்கவும் இல்லை.
'பார்' என்றாள். 'வெளியே ஒன்று இருக்கிறது.'

இருந்தது.
ஒரு சிவப்பு நண்டு பக்கத்தில் ஏறி வந்தபோது
தலையை மட்டும் திருப்பியது.
ஒரு சிலந்தியைப் பிடித்துத் தின்றது,
யாரும் எடைபோட்டுத் தராத சிலந்தி.
என் சட்டைப்பையில் மடித்துவைத்த படிவம்
அந்தப் பதினோரு நிமிடமும்
பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு நான் கையை நீட்டினேன்.
நீட்டாமல் இருந்திருக்கலாம் என்று
எழுத ஆசை. ஆனால் அது என் வேலை.

உடல் கல்லிடுக்கில் போய்விட்டது.
உள்ளங்கையில் வால்,
அறுந்ததை மறந்து
துடித்துக்கொண்டே இருந்தது.

மாலைவரை கல் புரட்டினோம். இரவு டார்ச்.
பெர்த்திலிருந்து பிரான்வின் போனில் சொன்னாள்:
'தப்பியதைக் கணக்கில் சேர்க்காதே.
பிழைக்க வேண்டும், முட்டையிட வேண்டும்,
அந்தக் குஞ்சும் வளர்ந்து முட்டையிட வேண்டும்.
அதற்கப்புறம்தான் காடு என்று எழுதலாம்.'
அவள் சொன்னதில் தவறில்லை.

மூன்றாம் இரவு அதே சுவரடியில்
ஒரு ஓநாய்ப் பாம்பு அகப்பட்டது.
வயிற்றில் ஒரு மேடு.
'திறக்காதே' என்றாள் நூர்ஹயாத்தி.
திறந்தேன்.
பல்லி. வீட்டுக்கு வீடு விளக்கடியில் நிற்கும்,
எந்தப் பட்டியலுக்கும் கவலை தராத பல்லி.
நாங்கள் சிரித்தோம்.
பல்லிக்காக யாராவது வருத்தப்பட்டிருக்க வேண்டும்,
அது அப்போது தோன்றவில்லை.

வாலை எரிசாராயக் குப்பியில் போட்டேன்.
நீலம் மறுநாளே வெளுக்கத் தொடங்கியது.
லேபிளில் 'எடுத்த இடம்' என்று ஒரு வரி.
அலமாரியில் மற்றக் குப்பிகளில் எல்லாம்
கூண்டு எண் இருக்கிறது.
இதில் எழுதினேன்: வெளியே.

நூர்ஹயாத்தி அதைப் படித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கறையான் டப்பாவை மூடினாள்,
இரண்டு முறை அழுத்தி.