மாத்தா கானான்

நாளைக் காலை ஏழு மணிக்கு
கோலப்பிலா மருத்துவமனை, இரண்டாம் மாடி.
தாளில் என் பெயருக்குக் கீழே
மாத்தா கானான் என்று போட்டிருக்கிறது.
வலது கண் என்று அர்த்தம்.
பகாவில் பிறந்து மலாய் பேசியே வளர்ந்த காதுதான்,
இன்று ராத்திரி மட்டும்
ஒரு சுழி கூட்டிக்கொண்டு கேட்கிறது:
காணான்.
காணவே மாட்டான்.

தனபாக்கியத்திடம் சொன்னால் சிரிப்பாள். சொல்லவில்லை.
குளியலறையில் முக்காலி போட்டு
என் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.
இனி இரண்டு வாரம் தலை நனையக் கூடாதாம்.
அதனால் இனிமேல் வரப்போகிற அழுக்கையும் சேர்த்து
இன்றைக்கே தேய்க்கிறாள்.

"பத்து நிமிஷம்டா" என்றான் மதலமுத்து.
"தண்ணிக்குள்ள மல்லாந்து படுத்து
மேல லைட்டைப் பார்க்கிற மாதிரி."
சாமான் கடை ஆ லெங்கும் சொன்னார், வலிக்காது லா.
அவர் மருமகளும் சொன்னாள்.
வலிக்காது என்று இத்தனை பேர்
இவ்வளவு அழுத்திச் சொன்னால்
வயிறு என்ன நினைக்கும்?

என் பயம் இருமல்.
ஆலைப் புகை குடித்த நெஞ்சு;
எப்போது வரும் என்று எனக்கே சொல்லாது.
கத்தி கண்ணுக்குள் இருக்கும்போது
தொண்டையில் ஒரு பூனைமயிர் நெளிந்தால்?
"கையைத் தூக்குங்க அங்கிள், டாக்டர் நிறுத்திடுவார்"
என்றாள் மிஸி.
துணிக்கு அடியில் தூக்குகிற கையை
யார் பார்ப்பார் என்று கேட்பதற்குள்
அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

இது வெளியே சொல்லும் பயம்.

இன்னொன்று இருக்கிறது.
செம்பனை ஆலையில் குலை பார்ப்பவன் நான்.
லாரி கொட்டியதும் கம்பியால் புரட்டி
பழம், செங்காய், காய், அழுகல் என்று பிரிப்பது வேலை.
நிறம்தான் எல்லாம்.
நிறம் போய் இரண்டு வருஷம் ஆகிறது.
பழைய தேயிலைத் தண்ணீருக்குள்
உலகம் ஊறிக் கிடக்கிறது.
யாரிடமும் மூச்சு விடவில்லை.
உதிர்ந்த கொட்டைகளை எண்ணினேன்,
பூட்ஸ் காலால் உதைத்துச் சத்தம் கேட்டேன்,
மீதியை
குரலை உயர்த்திச் சமாளித்தேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம்
ஆறு ஏக்கர்க்காரி செங்கமலம்
லாரியிலிருந்து குதித்து வந்தாள்.
"இதுவா காய்? நல்லாப் பாருங்கண்ணே."
நல்லாப் பார்த்தேன்.
காய் என்றேன்.
நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி பிடித்தார்கள்.
அவள் ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு கொட்டையை
என் தே கிளாசுக்குப் பக்கத்தில்
வைத்துவிட்டுப் போனாள்.

கட்டுப் பிரித்து
சிவப்பு சிவப்பாகவே தெரிந்துவிட்டால்
நான் எத்தனை லாரிக்குப் பதில் சொல்வது?

விடிந்தது. வந்தாயிற்று.
பச்சை அங்கி, முதுகுப் பக்கம் காற்று.
எந்தக் கண் என்று
மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள்.
மூன்றாவது முறை எனக்கே சந்தேகம் வந்து
சோறு தின்னும் கையைத் தூக்கிக் காட்டினேன்.
நெற்றியில் பேனாவால் ஓர் அம்பு வரைந்தார்கள்.

எதிர் நாற்காலியில் ஒரு மலாய்க்கார அம்மா.
அவருக்கு இடது கண்.
கண்ணாடியில் பார்ப்பது போல
எங்கள் அம்புகள் நேருக்கு நேர் இருந்தன.
தாக்குட்? என்றார் மெதுவாக. பயமா?
தனபாக்கியம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்,
தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு.
தாக்குட், என்றேன்.
தனபாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தாள்.
தெளிவாகத் தெரியவில்லை அவள் முகம்.

கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
எழுந்தேன்.
வாசலிலேயே நின்று
இருக்கிற இருமலையெல்லாம்
முன்கூட்டியே இருமிவிட்டு
உள்ளே போனேன்.