ஒற்றைக் கோடு

தீயணைப்பு வண்டி நின்ற கொட்டகையில்தான்
எங்கள் பீர் கொதிக்கிறது.
சுவரில் இன்னும் ஹெல்மெட் மாட்டும் ஆணிகள், பதினான்கு.
ஜன்னலுக்கு வெளியே த்ராவா நதி,
தனக்கே குளிர்கிற நிறத்தில்.

ஒன்பது வருடம் பார்லி காய்ச்சியவள் நெவெங்கா.
அவள் குடலுக்கு அது ஆகாதென்று
போன வசந்தத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.
அப்புறமும் காய்ச்சினாள், மூக்கால் ருசித்து.
"எப்படி இருக்கு?" என்பாள்.
"நல்லா இருக்கு" என்பேன்.
என் முகத்தைக் கொஞ்சம் படித்துவிட்டு
ஹாப்ஸ் நிறுப்பாள்.

ஜனவரியில் தினை வந்தது, மூட்டை மூட்டையாய்.
பிடிவாதக்காரத் தானியம்.
பார்லி குழையும் சூட்டில் இது கண்கூடத் திறக்காது.
கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, நொதிப்பொடி தூவினால்
களியாய் இறுகி
பம்ப் முனகி நின்றது.
பிளாஷ் இத்தாலிக்குப் போய்
காரின் பின்சீட் நிறைய உமி கொண்டுவந்தான்.
உமி குத்திக் கை சலித்தவர்களே, பாருங்கள்,
இங்கே உமிதான் வழி விடுகிறது.

பரிசோதனைப் பட்டை:
ஒரு கோடென்றால் குடிக்கலாம், இரண்டென்றால் கூடாது.
"கர்ப்பம் பார்க்கிற மாதிரி" என்றான் பிளாஷ்.
யாரும் சிரிக்கவில்லை.
இரண்டாவது கோடு வந்தது,
வெளிறிய ரோஜா நிறத்தில், கூச்சத்தோடு.

எங்கிருந்து?
தொட்டியைக் காரம் விட்டுக் கழுவினோம்.
குழாய் புதிது. அரைவை எந்திரம் புதிது.
நெவெங்காதான் மூலையைப் பார்த்தாள்.
துடுப்பு.
ஒன்பது வருடப் பார்லியைக் குடித்துப் பருத்த மரத்துடுப்பு,
அவள் பிடிக்கும் இடத்தில் சின்னப் பள்ளம்.

அந்த முந்நூறு லிட்டரையும்
பிப்ரவரித் திருவிழாவில் ரொட்டி தின்னக்கூடியவர்கள் குடித்தார்கள்.
ஆட்டுத்தோல் முகமூடியைத் தூக்கிவிட்டுத் தபால்காரர் மூன்று கோப்பை.
அவளுக்காகச் செய்ததை ஊரே புகழ
அவள் கோப்பை கழுவினாள்.

துடுப்பைத் தோட்டத்தில் நட்டிருக்கிறாள்.
மே மாதம் அவரை ஏறட்டும் என்று.

மார்ச்சில் எஃகுத் துடுப்பு. மறுபடி தினை, மறுபடி உமி.
ஒரு கோடு.
பத்து நிமிடம் கழித்தும் ஒரே கோடு.
பிளாஷ் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

நுரை அடங்கும்வரை நின்றாள் நெவெங்கா.
ஒரு மிடறு.
சரக்கு ரயில் ஒன்று கடந்து முடியும்வரை
வாயிலேயே வைத்திருந்தாள்.
விழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கசப்பு தூக்கல்.
ஒரு வருஷமாவே தூக்கல்தானே?"