மூன்றாவது அசைவு

லான்சோவில், மஞ்சள் நதிக்கரையில்,
கிரேன் ஓட்டுகிற துவான் ஷூமெய்
இருட்டோடு வந்து நிற்கிறாள்.
முதல் அசைவு, வானத்தை ஏந்துவது.
பகலெல்லாம் இரும்பை ஏந்துபவளுக்கு
அது ஒன்றும் பெரிதில்லை.
அடுத்தது, இல்லாத வில்லை வளைப்பது.
குறி எதுவும் வேண்டாம் என்றார்கள்;
எதிரே நூடுல்ஸ் கடை திறந்துவிட்டது.

மூச்சை உள்ளே இழு.
நதிக்குளிரோடு
மாட்டெலும்புச் சாறும் மிளகாய் எண்ணெயும்
அடிவயிறு வரை இறங்குகின்றன.
மெல்ல விடு.
மிளகாய் எண்ணெய் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

மூன்றாவது வயிற்றுக்கு:
ஒரு கை மேலே, ஒரு கை கீழே.
இரத்தத்தில் சர்க்கரை பதினொன்று.
குடுவையில் தினைக்கஞ்சி,
நேற்றிரவு உரித்துப் போட்ட அல்லிக்கிழங்கு.

கடைக்காரர் மா யாவ்லின்
மாவு படிந்த கையோடு சாலையைக் கடந்து வந்தார்.
தோள் வலியாம்.
அவர் கையை விரித்தபோது
நடுவே நீளாத மாவு ஒன்று
நீண்டது போலிருந்தது.

எட்டாவதில் குதிகால்கள் தரையைத் தட்டின.
"குடுவையில் என்ன?" என்றார்.
மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.
ஊதி ஊதிக் குடித்தார்.
"என் கடைச் சாறு
எனக்கு ஒத்துக்கொண்டு ஆறு வருடமாகிறது.
யாரிடமும் சொல்லாதே."